மாப்பிள்ளைத் தட்டமும் குசினிச் சட்டியும்

எங்கள் வீட்டில் கடைச் சாமான் குறையத் தொடங்கியது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருடத்து நோன்பு மாதத்தில். பால்மா அதற்கு முன்பே கண்ணில் படவில்லை. ஆனால் பால்மா இல்லாமல் போவதும் திரும்பி வருவதும் முந்திய வருடங்களிலும் நடந்ததுதான், ஆகவே அதை நான் தொடக்கமாக எடுப்பதில்லை. நோன்பின் நடுப் பத்து நாளில் காஸ் முடிந்தது. வெறும் சிலிண்டரைத் தெருவோர வரிசையில் மற்றவர்களுடையதோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வந்த என் கணவர், சிலிண்டருக்கும் நோன்பு என்றார். அந்த வாரமே கொல்லையில் மூன்று கல் வைத்தேன். அன்றிலிருந்துதான் கணக்கு.

அவருக்குத் தொழில் ஒரு சின்ன லொறி. கற்பிட்டிப் பக்கத்து மரக்கறியை வெளியூர்ச் சந்தைகளுக்கு ஏற்றுவார். டீசல் இல்லாததால் லொறி மதிலோரம் நின்றது. மே மாத முடிவில் அதன் பின்பக்கக் கம்பியில் பயிற்றங்கொடி ஏறியிருந்தது. யாரும் ஏற்றிவிடவில்லை. பக்கத்தில் ஊன்றியது தானாகப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பள்ளிக்கூடத்து ஓய்வூதியம் வரும். அது அரிசிக்கும் மருந்துக்கும் போதும், மற்றதற்குப் போதாது.

தில்லையடியில் எங்கள் வளவு முழுவதும் மணல். தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடம் தெரியாது. தென்னந்தோட்டக்காரர்கள் மரத்தடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை புதைப்பதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை. மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதையே நாங்களும் முழங்கால் ஆழக் குழிகளில் செய்து, மேலே எங்கள் ஒரே ஆட்டின் எருவும், அது போதாமல் வெளியே கேட்டு வாங்கிய எருவும், அடுப்புச் சாம்பலும் போட்டு மரவள்ளி, கத்தரி, பயிற்றை வைத்தோம். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். கத்தரி அதைப் பொறுத்துக்கொண்டது, தக்காளி பொறுக்கவில்லை. முருங்கை ஏற்கனவே நின்றது. வேலியில் நின்ற மரத்தை அதுவரை யாரும் பொருட்படுத்தியதில்லை.

மீனுக்குச் சந்தைக்குப் போவதை விட்டோம். தோணிகள் கரைக்கு வந்ததும் பெரிய மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். வலையில் மிச்சமாகக் கிடக்கும் சூடை, காரல், கால் முறிந்த நண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியல் மலிவு. முள் அதிகம், துப்புரவாக்க நேரம் பிடிக்கும். எங்களிடம் நேரம் இருந்தது. அன்றன்றைக்கு ஆக்கியது போக மிச்சத்தை உப்பிட்டு லொறியின் கூரையில் காயப்போட்டேன். உப்பு இந்த ஊரில் ஒரு பிரச்சினையே இல்லை. மழை பெய்தால் உப்பு வயலோரத் தரவை நிலத்தில் உமரிக் கீரை துளிர்க்கும். பறித்து, அவித்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுவோம். நுரைச்சோலைப் பக்கம் வெங்காயம் பிடுங்கி முடிந்த தோட்டங்களில் மண்ணுக்குள் சின்னன் சின்னனாக மிஞ்சிக் கிடப்பதைப் பொறுக்கத் தோட்டக்காரர்கள் விடுவார்கள். இரண்டு தரம் பஸ்ஸில் போய்ப் பொறுக்கி வந்தோம்.

கடையை விட்டுவிட்டோம் என்று சொன்னால் அது பொய். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, நெருப்புப்பெட்டி எல்லாம் கடையில்தான். ஆனால் கடைக்காரர் எங்களைப் பார்த்து, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கும் அளவுக்குப் போக்குவரத்து குறைந்திருந்தது. பஞ்ச காலங்களைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். புத்தகங்களில் பஞ்சம் ஒரு நாளில் வந்து இறங்கும். எங்கள் வீட்டில் அது தேத்தண்ணியில் சீனி குறைவதாக வந்தது, பிறகு பேக்கரிப் பாண் இல்லாத காலையாக வந்தது, அதற்குப் பிறகு அது வந்திருப்பதையே நாங்கள் மறந்துபோனோம். அந்த ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் குசினிச் சாப்பாடு எனக்குத் தெரிந்து எந்த வருடத்தையும் விட நன்றாக இருந்தது. இதை அப்போது வெளியில் சொல்ல வெட்கப்பட்டோம்.

மகளின் நிக்காஹ் அந்த வருடத்து றபீஉல் அவ்வல் மாதத்தில், ஒக்டோபர் நடுவில், நடந்தது. ஊர் நிலவரம் பார்த்துத் தள்ளிப்போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஏற்கனவே ஒரு தரம் தள்ளியிருந்தோம். மாப்பிள்ளை தோணி இயந்திரம் திருத்துபவர். அவருடைய குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு, வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. அவருடைய உம்மா களப்போர அகதிக் குடியேற்றம் ஒன்றில் இருக்கிறார், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம். வாப்பா மௌத்தாகிவிட்டார், உம்மா விதவை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். முன்னறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் குசினிக்கு அடுத்த அறைக்கு மாறினோம். வந்த மாப்பிள்ளைக்கு நாற்பது நாள் தட்டம் வைக்க வேண்டும். சம்பா அரிசிச் சோறு, இறைச்சியோ கோழியோ, ஒரு பொரியல், அவித்த முட்டை, பழம், வெள்ளிக்கிழமையானால் நெய்ச்சோறும் வட்டிலப்பமும். எல்லாவற்றையும் தட்டத்தில் அடுக்கி, மூடி, முன்னறைக்கு அனுப்ப வேண்டும். மாமனாரும் மாமியும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவரும் இது வேண்டும், அது வேண்டாம் என்று வாய் திறப்பதில்லை. நாற்பது என்பது பேச்சுக்கு. சில வீடுகளில் முதல் பிள்ளை பிறக்கும்வரை இழுபடும். இந்தத் தட்டத்தை வைத்துத்தான் ஊர் ஒரு வீட்டை மதிக்கும். மாப்பிள்ளை தன் உம்மா வீட்டில் சாப்பிடத் தொடங்கினால் மாமி வீட்டில் பசியோடு விட்டார்கள் என்று பேச்சு வரும். பேச்சுக்குப் பிறகு மாப்பிள்ளை அங்கேயே தங்குவார், பெண் இங்கே இருப்பாள். அப்படி இருந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் மகளுக்கு அது நடக்கக்கூடாது என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை.

ஆகவே கடை திரும்பி வந்தது. பண்ணைக் கோழி, சம்பா, நெய், ஏலக்காய், கிடைத்தால் தகரத்தில் வரும் ரின்பால். வருடத்தின் மிகக் கெட்ட மாதங்களில் வாங்காததை எல்லாம் அந்த மாதத்தில் வாங்கினோம். ஒரே குசினியில் இரண்டு சமையல் நடந்தது. முன்னறைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. தட்டத்தை அனுப்பிவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, நானும் என் கணவரும் மரவள்ளியும், ஆணம் என்று நாங்கள் சொல்லும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். மகள் மாப்பிள்ளையோடு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் எடுக்க வருவதுபோலக் குசினிக்கு வந்து எங்கள் சட்டியில் கை வைப்பாள்.

"சொந்த வீட்டுல கதவ சாத்திட்டு கள்ளச் சாப்பாடு சாப்பிடுறது நாங்க மட்டும்தான்" என்றார் என் கணவர். கருவாடு பொரிக்கும்போது நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை. அது வடகீழ்க் காற்றுத் தொடங்கும் காலம், குசினி வளவின் வடக்குப் பக்கம். ஜன்னலால் வந்த காற்று மணத்தை வெளியே கொண்டுபோகாமல் நேரே முன்னறைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். இதை நான் பிறகுதான் யோசித்தேன்.

முதல் கிழமை தட்டம் வெறுமையாகத் திரும்பியது. இரண்டாவது கிழமை பாதி திரும்பியது. மகளிடம் கேட்டால், பசி இல்லை என்கிறார் என்றாள். கோழியை மாற்றி மாட்டிறைச்சி வைத்தேன். அதுவும் திரும்பியது. மறுநாள் இரண்டு முட்டை வைத்தேன், இரண்டும் வந்தன. வைக்க வைக்கத் திரும்பியது. திரும்பியதைக் கொட்ட மனம் வராமல் நாங்கள் சாப்பிட்டோம், நாங்கள் ஆக்கிய உமரியும் பயிற்றங்காயும் ஆட்டுக்குப் போனது. அந்தக் கிழமை எங்கள் வீட்டு ஆடு என்னை விட நன்றாகச் சாப்பிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் பகல் என் கணவர் ஆட்டெரு கேட்டு வரக் குடியேற்றப் பக்கம் சைக்கிளில் போனார். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, சாக்கைக் கூட இறக்காமல் குசினி வாசலில் நின்றார். அங்கே எங்கள் சம்பந்தியின், அதாவது மாப்பிள்ளையுடைய உம்மாவின், வீட்டுக் கொல்லை தெருவிலிருந்து தெரியும். மாப்பிள்ளை அங்கே சின்ன வாங்குப் பலகையில் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மடியில் பீங்கான் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து இவருக்கு மனம் கேட்கவில்லை. கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டார்.

"இண்டைக்கு மட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் வந்த ஆள் மாதிரி இல்ல. வாங்கு அவருக்குப் பழகின இடத்துல இருந்த."

மகள் எங்களுக்குப் பின்னால் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் அழவில்லை. பகலில் தொழில் இருக்கிறது என்று சொல்லித்தான் போகிறார், மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி ஓடாத நேரத்தில் என்ன தொழில் என்று தானும் யோசித்தது உண்டு என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன குறை உம்மா வெச்சீங்க?" என்றாள். கேள்வியில் குற்றம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்தது என்றே அன்று எடுத்துக்கொண்டேன்.

இரவு மாப்பிள்ளை பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் மூவரும் பேசினோம். வெள்ளிக்கிழமைக்கு ஆட்டிறைச்சி எடுப்போம் என்றார் என் கணவர். கிடைக்காவிட்டால் வீட்டு ஆட்டை அறுப்பதானாலும் சரி என்றார். நேரில் கேட்டுவிடலாம் என்று நான் சொன்னதற்கு இருவரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். புது மாப்பிள்ளையிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது, வைத்த சாப்பாட்டுக்குக் கணக்குக் கேட்பதுபோல என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. ஆக, மாப்பிள்ளையும் கேட்க மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம், நாங்கள் யாரும் எதிர்பாராமல் சம்பந்தி வந்தார். மாப்பிள்ளை இன்னும் பள்ளிவாசலிலிருந்து திரும்பவில்லை. சம்பந்திமார் நாங்கள் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிடுவது. கதிரை போட்டேன், உட்காரவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார். அபாயாவைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்குள் வந்து, அடுப்பில் இருந்த இரண்டு சட்டிகளின் மூடியையும் திறந்து பார்த்தார். ஒன்றில் ஆட்டிறைச்சி. மற்றதில் மரவள்ளியும் சூடைக் கருவாடும்.

"மைனி, என்ட மகன் இந்த வீட்டுல என்ன குத்தம் செஞ்ச?" என்றார்.

கோபம் எனக்கும் தயாராக இருந்தது. ஒரு குற்றமும் செய்யவில்லை, குற்றம் செய்கிறவருக்கா இறைச்சி ஆக்குவோம் என்றேன். சொல்லும்போதே குரல் உயர்ந்துவிட்டது.

"அப்ப இது ஆருக்கு?" கருவாட்டுச் சட்டியைக் கரண்டியால் தட்டினார்.

"அது எங்களுக்கு."

"அதத்தான் கேக்குறேன். உங்களுக்கு ஒண்டு, அவனுக்கு ஒண்டு. ஏன்?"

மாப்பிள்ளைத் தட்டம் என்று ஒன்று உண்டே, மன்னாரில் இல்லையா என்று என் கணவர் வாசலிலிருந்து மெதுவாகக் கேட்டார். உண்டு, அங்கேயும் வைப்போம், ஆனால் வீட்டார் சாப்பிடுவதும் அதுவாகத்தான் இருக்கும் என்றார் சம்பந்தி. பிறகு கதிரையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். மகன் பகலில் வந்து, முருங்கை இலைச் சுண்டல் ஆக்கித் தாங்க, கருவாடு இருக்கா என்று கேட்டிருக்கிறார். முதல் நாள் சம்பந்தி சந்தோஷத்தோடு ஆக்கிக் கொடுத்திருக்கிறார். தொடர்ந்து வரவும் பயம் பிடித்துவிட்டது. கடைசியில் பிடித்து உலுக்கிக் கேட்டபோதுதான் வாயைத் திறந்திருக்கிறார்.

"என்ன சொன்னான் தெரியுமா? மணத்த எனக்கு அனுப்புறாங்க, சோத்த கதவுக்குப் பின்னால வெச்சுத் தின்னுறாங்க உம்மா எண்டான். கடைல வாங்கினது எனக்கு, வீட்டுல வெளஞ்சது அவங்களுக்கு எண்டான். நான் எத்தன வருசம் போனாலும் அகதிட மகன்தான், முன்னறையோட நிப்பாட்டி வெச்சிருக்காங்க எண்டான்."

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவமானப்பட்டேன் என்று எழுதலாம். ஆனால் அப்போது முதலில் வந்தது அது அல்ல, ஆச்சரியம். நாங்கள் மறைத்தது எங்கள் வறுமையை. கதவைச் சாத்தியது அவர் எங்கள் கருவாட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதையே தன்னிடமிருந்து மறைக்கப்பட்ட செல்வமாகப் பார்த்திருக்கிறார். இதில் அவருடைய பிழை ஏதும் இல்லை. சாத்திய கதவு அவருக்கு அப்படித்தானே தெரியும்.

"மைனி, இறைச்சிக்கு நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியும். மதிலோரம் லொறி நிக்கிறதப் பாத்தாத் தெரியாதா? ஏன் பட்டீங்க எண்டுதான் கேக்குறேன்."

நாற்பது முடிய இன்னும் நாள் இருக்கிறது, இடையில் தட்டத்தை நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும் என்றார் என் கணவர். சம்பந்தி அவரைப் பார்க்காமல் எனக்கே பதில் சொன்னார்.

"ஊர் சொல்லுறத நான் கேட்டுக்குவேன். மாப்பிள்ளட உம்மாவே சொன்னா எண்டு சொல்லுங்க. நாப்பது முடியட்டும் எண்டு பாத்தீங்கண்டா அவன் என்ட வீட்டுல வந்து கிடப்பான். ஒரு விருந்தாளிய எவ்வளவு நாளைக்கு மைனி வெச்சிருப்பீங்க?"

மகள் குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் முன்னறைக்குப் போனேன். மாப்பிள்ளை பள்ளிவாசலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உம்மாவின் குரல் கேட்டிருக்கும். முகம் கறுத்திருந்தது.

"மகன், குசினிக்கு வாங்க" என்றேன். அவரை நான் அந்த அறைக்கு அப்பால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பாய் விரித்து, கல்யாண வீட்டில் வைப்பதுபோல ஒரே சஹனில் சோற்றைக் கொட்டினேன். சஹன் என்றால் பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. வீட்டில் அதை எடுப்பது அரிது. மாப்பிள்ளை ஒரு பக்கம், என் கணவர் மறுபக்கம். அவர்கள் எழுந்த பிறகு பெண்கள் நாங்கள் இருப்போம் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். சம்பந்தி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார், மகள் மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆட்டிறைச்சியை ஓரமாக வைத்தேன், மரவள்ளியையும் கருவாட்டு ஆணத்தையும் நடுவில் வைத்தேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கையை நனைக்காமல் இருந்தார். பிறகு இறைச்சிப் பக்கம் போகாமல் மரவள்ளியை ஆணத்தில் பிசைந்தார். அவர் தின்பதை நான் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தரம் சோறு போட்டபோது வேண்டாம் என்று கையால் மறிக்கவில்லை.

முடியும் நேரத்தில் தலையைத் தூக்காமலே, "மாமி, இதுக்குப் புளி கூடிட்டு" என்றார்.

மகள் அவரை முழங்கையால் இடித்தாள். சம்பந்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று அதட்டினார். என் கணவர் மட்டும் சிரித்தார், சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். "அப்பாடா, ஒரு குறை சொல்லிட்டாரு" என்றார். புளி கூடத்தான். நான் ருசி பார்க்காமல் இறக்கியிருந்தேன். நாளைக்குக் குறைப்போம் என்றேன்.

ஊர் பேசத்தான் செய்தது. நாற்பது முடியும் முன்னே மாப்பிள்ளையைக் குசினியில் உட்காரவைத்துக் கருவாடு போடுகிறார்களாம் என்று எனக்கே வந்து சொன்னார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் கூட இருந்தார் என்றேன். கடைக்குப் போவது மறுபடி குறைந்தது. ஆனால் முந்திய அளவுக்கு இறங்கவில்லை. சட்டியில் இன்னொரு ஆள் கூடியிருந்தது, அதுவும் நன்றாகச் சாப்பிடுகிற ஆள். மரவள்ளிக் குழிகளை நாங்கள் கூட்ட வேண்டியிருந்தது, ஆட்டெருவுக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. சில நாட்கள் மூன்று பேருக்கு ஆக்கியதை நாலு பேர் பங்கிட்டோம். யாரும் கதவைச் சாத்தவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள் மாப்பிள்ளை சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டியையும் முன்னால் ஒரு சாக்கையும் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டியில் இயந்திரம் திருத்தும் சாவிகள், சாக்கில் உடுப்பு. கல்யாணத்துக்குப் பிறகும் உடுப்பில் பாதி அவருடைய உம்மா வீட்டிலேயே கிடந்தது எங்களுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் இருந்த தன் சீலைகளை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.